மேலே இருட்டத் தாமதமான வாரம்

காளியண்ணன் கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்த ஒரே மனிதர் அந்த ஜப்பான் பேராசிரியர்தான். அதனாலேயே காளியண்ணனுக்கு ரொம்ப நாள் தூக்கம் சரியாக வரவில்லை.

கியா பார்ம் என்ற மலையூருக்கு மேலே, முட்டைக்கோஸ் போட்டுப் போட்டுச் சலித்துப்போன ஒரு மேட்டுத் துண்டு அவருக்கு இருந்தது. பேராசிரியர் வந்தார், குனிந்து வணங்கினார், ஒரு குடிசை போட்டுக்கொள்ள வாடகைக்குக் கேட்டார். காளியண்ணன் காய்கறி மொத்த வியாபாரி; முதலாளி என்ற அர்த்தத்தில் ஊரே அவரைத் தவுக்கே என்று கூப்பிடும். அப்பனும் வியாபாரி, பாட்டனும் வியாபாரி. வழக்கம்போல நியாயத்துக்கு இரண்டு மடங்கு சொன்னார். எதிராளி பாதிக்குக் கேட்பான், முக்காலில் முடியும், ஒரு தேத்தண்ணி குடித்துக் கைகுலுக்கிப் பிரியலாம். பேராசிரியரோ மறுபடி குனிந்து வணங்கி, பணத்தை மேசையில் வைத்துவிட்டார். அந்த மண்ணுக்கு அடியில் தனக்குத் தெரியாத என்னவோ இருக்கிறது என்று முடிவுகட்டி, குடிசை எழும்புவதற்கு முன் கடப்பாரையோடு போய்த் தோண்டிப் பார்த்தார் காளியண்ணன். கல் இருந்தது. இன்னும் தோண்டினார். இன்னும் கல் இருந்தது.

பேராசிரியருக்கு வேண்டியது மண்ணுக்கு அடியில் இல்லை, மேலே இருந்தது. மேகத்துக்கு மேலே, விமானம் போகும் உயரத்துக்கும் வெகு மேலே.

குடிசைக்குள் ஒரு இரும்புப் பெட்டி, வெளியே ஒரு கம்பிக் கூண்டு. அவ்வளவுதான் சாமான். பேராசிரியர் ஊருக்குப் போனபோது பெட்டியைப் பார்த்துக்கொள்ள கொர்னேலியஸை வேலைக்கு வைத்துவிட்டுப் போனார். கொர்னேலியஸ் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தானா ராத்தாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்து, ரிப்பேருக்கு வந்த ரேடியோவில் எல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே கடையை மூடியவர். இப்போது காகிதச் சுருள் மாற்றுவதும், பழைய சுருளைத் தபாலில் அனுப்புவதும் அவர் வேலை.

என்ன சரக்கைக் கைவிட்டோம் என்று தெரிந்துகொள்ளாமல் காளியண்ணனால் இருக்க முடியவில்லை. லோரிகளை மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறக்கிவிட்டதும் சாயங்காலம் வேனை எடுத்துக்கொண்டு குடிசைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். கொர்னேலியஸுக்கும் பேச்சுத்துணை. கேட்கக் கேட்கச் சொன்னார்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் கப்பற்படைக்காரர்களின் நிலையம் ஒன்று இரவும் பகலும் ஒரே சுருதியில் ரேடியோ அலையை ஊதிக்கொண்டிருக்கிறது. அந்த அலை கடலைத் தாண்டி, சுமத்ராவின் ஓரமாக, வானத்தின் கூரையில் முட்டி முட்டி இந்த மேட்டுக்கு வந்து சேருகிறது. வானத்துக்கு ஏது கூரை என்று காளியண்ணன் கேட்டதற்கு, வெயில் பட்டு மேலே காற்றில் மின்சாரம் ஏறி நிற்கும், அதுதான் கூரை என்றார் கொர்னேலியஸ். பகலில் அது தாழ்ந்திருக்கும். பொழுது இறங்கியதும் அடித்தட்டு கரைந்து கூரை உயரும். அந்த வேளையில் பெட்டிக்குள் இருக்கும் பேனா, நேராகப் போட்டுவந்த கோட்டில் ஒரு பள்ளத்தைப் போட்டு எழும். மேலே இராத்திரி வந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் ஏறக்குறைய அதே நேரம். ஊரில் கடிகாரம் தப்பினாலும் அது தப்பாது.

தப்பினால்தான் விஷயம். பெரிய பூகம்பத்துக்கு முன்னால் அந்தப் பள்ளம் இடம் மாறுகிறதோ என்று பேராசிரியருக்கு ஒரு சந்தேகம். கீழே பாறை முறுக்கேறும்போது மேலே கூரை ஏன் அசைய வேண்டும்? ஆவி கசிகிறது என்றார்கள் சிலர், மின்சாரம் கசிகிறது என்றார்கள் சிலர், சும்மா இருங்கள் என்றார்கள் பலர். சந்தேகத்துக்காக ஒரு மனிதன் வாடகை கொடுப்பானா என்று காளியண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தூக்கமும் கொஞ்சம் வந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் நவம்பர் மாதம் வரைக்கும் வந்தது.

அந்த வருஷத்து மழை நின்று பெய்யவில்லை, குடியிருந்து பெய்தது. ஒரு சாயங்காலம் குடிசைக்குள் நுழைந்த காளியண்ணன் கொண்டுவந்த பீன்ஸ் பையைக் கீழே வைத்தார். கொர்னேலியஸ் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே இருட்டிவிட்டது. கியா பார்ம் கடைகளில் விளக்குப் போட்டுவிட்டார்கள். பேனா மட்டும் இன்னும் நண்பகல்போல நேர்க்கோடு போட்டுக்கொண்டிருந்தது. கொர்னேலியஸ் ஒரு சிகரெட்டை முடித்து அடுத்ததைப் பற்றவைத்து, அதுவும் விரலைச் சுடும் தறுவாயில்தான் பேனா பள்ளத்தில் இறங்கியது.

மறுநாள் இன்னும் தாமதம். அதற்கு மறுநாள் அதைவிட.

கொர்னேலியஸ் எதையும் மறைக்கவில்லை. இதுபோல முன்பும் நடந்திருக்கிறது என்றார். ஒரு தடவை பின்னாலேயே சுமத்ரா குலுங்கியது. இன்னொரு தடவை ஒன்றும் ஆகவில்லை; சூரியனில் புயல் அடித்தாலும் பேனா இப்படித் தடுமாறுமாம். பேராசிரியருக்குத் தந்தி அடித்தாயிற்று. அவர் ஏதோ வெளியூரில் இருக்கிறார். பூகம்பமே வந்தாலும் அது கடலுக்கு அந்தப்பக்கம் வரும், இங்கே அலமாரியில் கோப்பை கிலுகிலுக்கும், அவ்வளவுதான்.

காளியண்ணன் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். ஊறிப்போன மலைச்சரிவு கோப்பை கிலுகிலுக்கிற அளவு குலுக்கலைத் தாங்குமா என்று கேட்டார்.

கொர்னேலியஸ் சிகரெட்டை அணைத்தார். "அதப் பத்தி மெஷின் ஒண்ணும் சொல்லாது, தவுக்கே" என்றார்.

காளியண்ணனின் ஒரே மகள் நவமணி தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தாள். மாப்பிள்ளை விஜயன் தோட்டத்துத் தேயிலை ஆலையில் ஃபிட்டர். குடியிருப்பு கீழ்லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், அவற்றின் அடுப்படிக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர், அதற்கு மேலே தேயிலை. நவமணிக்கு அப்போதுதான் ஆண்குழந்தை பிறந்திருந்தது. தாயில்லாத பெண், அப்பன் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்க ஆளில்லை. எல்லாம் மாமியார் பவளத்தின் பொறுப்பு. தீட்டுக் கழியும்வரை தாயும் பிள்ளையும் அறைக்கதவைத் தாண்டக்கூடாது, மலைக்காற்றுத் தலையில் படக்கூடாது என்பது பவளத்தின் சட்டம். அந்த அறைக்கும் மண்சுவருக்கும் நடுவில் இருந்தது ஒரு அடுப்படிதான்.

அன்று வேனை ஓட்டிக்கொண்டு இறங்கும்போது காளியண்ணனின் கை ஸ்டீயரிங்கில் வழுக்கியது. மழை உள்ளே வரவில்லை, வியர்வை.

அவர் வளர்ந்த உலகத்தில் கையில் சரக்கு வைத்திருப்பவன் உள்ளதைச் சொன்னதே கிடையாது. தக்காளி குவிந்து கிடக்கும்போது, என்னமோ கொஞ்சம் இருக்கு தவுக்கே என்பான் தோட்டக்காரன். கொர்னேலியஸ் 'ஒன்றும் ஆகாமலும் போகலாம்' என்கிறார். அப்படியென்றால் குடோன் நிறைய இருக்கிறது. காளியண்ணன் கணக்குப் போட்டார். கேட்டதை இரண்டு மடங்காக்கினார். பயம் அதை இன்னொரு மடங்காக்கியது.

அடுத்தது பவளம். பத்தியக்காரப் பெண்ணைத் தாப்பாவில் என் கூடப்பிறந்தவள் வீட்டில் பத்து நாள் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டால் கொடுக்க மாட்டாள். ஆகவே விலையை ஏற்றிச் சொல்ல வேண்டும். அவள் குறைப்பாள். குறைத்துக் குறைத்து வந்து நிற்கிற இடம் தாப்பாவாக இருக்கும். மறுநாள் பகலில் லயத்துக்குப் போய், வாசலில் நின்றபடியே, நாளைச் சாயங்காலம் இந்த மலை இறங்கப்போகிறது என்றார். ஜப்பான்காரன் மெஷின் சொல்லிவிட்டது, லயம் இருந்த இடம் தெரியாது, ஒரு குஞ்சு தப்பாது என்றார். சொல்லிவிட்டு, அவள் எதிர்விலை சொல்வதற்காக நின்றார்.

பவளம் எதிர்விலை சொல்லவில்லை. அவள் தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே மேலிருந்து ஒரு சொல் வந்தால் அது உத்தரவு. நாளைக்கு ஆறாம் நம்பர் மலையில் கவ்வாத்து என்றால் கவ்வாத்துதான். பாதி மலை போதுமே என்று யாரும் பேரம் பேசியதில்லை. "சரிங்கண்ணே" என்றாள். சேலை முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மழையில் இறங்கி, நேரே மண்டோர் நல்லுசாமியின் வீட்டுக்கு நடந்தாள். அவர்தான் அந்த லயத்துத் தொழிலாளருக்கு மேலாள்.

காளியண்ணன் பின்னாலேயே ஓடினார். தங்கச்சி, நாளைக்கு என்றால் நாளைக்கே இல்லை, ஒரு பேச்சுக்கு என்று இழுத்தார். அதற்குள் பெரட்டு மணி அடித்துவிட்டது. விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் மணி பகலில் அடித்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மழையால் வேலைக்குப் போகாதிருந்த லயமே வெளியே வந்தது. கிழவர்களைத் தூக்கிக்கொண்டு, கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு, தவணையில் வாங்கிய டெலிவிஷனைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு. பெரட்டுக் களத்தில் கொட்டும் மழையில் எல்லோரும் நின்றார்கள். குழந்தைகள் அழுதன, பெரியவர்கள் அழவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நவமணி ஒரு தார்ப்பாயின் அடியில் குழந்தையை மார்போடு ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் தாங்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினார். திரும்பிய பக்கத்தில் மலை இருந்தது.

மேனேஜர் குடையோடு வந்தார். வெள்ளைக்காரர்கள் போய் உள்ளூர் ஆள் வந்தும் அவருக்குத் துரை என்ற பெயர் மட்டும் போகவில்லை. அவர் ஆபீசிலிருந்து எங்கெங்கோ டெலிபோன் பண்ணினார். பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்லும் ஆள் உலகத்தில் எங்கேயும் கிடையாது என்று பதில் வந்தது. அது உண்மையும்கூட. கூட்டத்துக்கு நடுவில் நிற்கவைத்து அவர் காளியண்ணனைக் கேட்டபோது, காளியண்ணன் தன் விலையைத் தானே குறைக்க ஆரம்பித்தார். நாளைக்கு என்பது அடுத்த வாரமாயிற்று. மலை இறங்கும் என்பது கொஞ்சம் மண் சரியும் என்று ஆயிற்று. கடைசியில் சும்மா ஜாக்கிரதைக்காகச் சொன்னேன் என்று வந்து நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நனைந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு அவ்வளவு நல்ல சிரிப்பில்லை.

எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். நல்லுசாமிக்கு ஆபீசில் ஏச்சு. அன்றிரவே குழந்தைக்கு மூக்கடைத்து மூச்சு இரைந்தது. மறுநாள் தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து வாங்கிக்கொண்டு போன காளியண்ணனிடம் பவளம் மருந்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். தீட்டுக் கழியும்வரை இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று விஜயன் வந்து சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான்.

இப்போது பயத்தோடு இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது. முன்பாவது ஒருவேளை அவர் பேச்சைக் கேட்டிருப்பார்கள். இனி மலை உண்மையிலேயே இறங்கினாலும், காளியண்ணன் சொன்னால் மலைக்கே நம்பிக்கை வராது. ரிங்லெட்டில் அவர் கடை வாசலில் வந்து நின்று, இன்றைக்கு என்ன தவுக்கே, வானம் இடிகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். இராமையா என்ற லோரி டிரைவர் ஒரு படி மேலே போய்ப் பாரம் ஏற்றுவதற்கு முன் ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டான். காளியண்ணனும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டுக் கடைக்கு உள்ளே போய், சுவரில் கையை வைத்துப் பார்த்தார், அசைகிறதா என்று.

சாயங்காலம் ஆனால் குடிசை. பேனா இன்னும் தாமதித்துக்கொண்டிருந்தது. இருட்டில், மழைக்கு நடுவில், அந்தக் குடிசைக்குள் மட்டும் பகல் முடியாமல் நின்றது. ஆயிரம் மைல் நீளத்துக்கு மேலே எங்கேயோ வானம் மூட மறந்து கிடக்கிறது என்ற நினைப்பில் காளியண்ணன் பேனாவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த ஜப்பான் பேராசிரியர் ஏன் பேரம் பேசவில்லை என்று அவருக்கு இப்போது புரிந்தது. பேரம் பேசுகிற விஷயமாக இது இல்லை.

அப்புறம் ஒரு நாள் பேனா சரியான நேரத்துக்குப் பள்ளம் போட்டது. மறுநாளும் போட்டது.

காளியண்ணன் அப்படியே பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. பெருமாளே, முடிந்தது. கொர்னேலியஸுக்கு ஒரு பியர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். கண்ணைத் திறந்தபோது கொர்னேலியஸ் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன தடவையும் இப்படித்தான் தவுக்கே. சரியாயிடுச்சு, எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. அப்புறந்தான் ஆட்டுச்சு."

"எத்தனை நாள் கழிச்சு?"

"சொல்லமாட்டேன். சொன்னா நீங்க அதுக்கு ஒரு வெல வெப்பீங்க லா."

அன்று ராத்திரி காளியண்ணன் படுக்கையில் உட்கார்ந்தே இருந்தார். காலையில் லோரிகளைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டார். மத்தியானச் சாப்பாட்டை இறக்க முடியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு வேனை எடுத்தார். தோட்டத்துக்குள் நுழையும்போது மழை விட்டிருந்தது. பச்சை மலைமேல் பனிமூட்டம் உட்கார்ந்திருந்தது. கொழுந்தெடுப்பவர்கள் எதிர்ச்சரிவில் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். லயத்தில் ஆள் அரவமே இல்லை; உடம்புக்கு முடியாத ஆண்டியப்பன் மட்டும் தன் வாசலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். அடுப்படிகளுக்குப் பின்னால் மண்சுவரிலிருந்து சேற்றுத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. போன வாரம் தெளிந்த தண்ணீராக வடிந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது.

கதவைத் தட்டினார். பவளம் திறந்து, நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு எவ்வளவு சொல்லப் போறீங்கண்ணே?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு லோரி வாங்கித் தருகிறேன் என்பது, ஆஸ்பத்திரியில் டாக்டர் கூப்பிட்டார் என்பது, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டார். ஈரமான படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியல தங்கச்சி. வரலாம், வராமயும் போலாம். மெஷினப் பாக்குறவனுக்கும் தெரியல. வந்தாலும் இங்க லேசாத்தான் ஆடும்னு சொல்றான். அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் கூடுதல். ஆனா அந்தச் சுவத்துல சேறு வடியுது. எனக்குப் பயமா இருக்கு. பிள்ளைய எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல எனக்கு."

பவளத்துக்குப் பின்னால் அறைக்கதவு திறந்தது. நவமணி தலையிலும் காதிலும் துணி சுற்றியிருந்தாள். குழந்தை தோளில் இருந்தது. பயந்த முகம்தான். ஆனால் தீர்மானித்த முகம்.

"அத்தே, நான் போறேன்" என்றாள். "எங்கப்பா பயந்து நான் பார்த்ததில்ல. பொய் சொல்லித்தான் பார்த்திருக்கேன்."

பவளம் மருமகளைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள். பிறகு சட்டத்தைத் திருத்தினாள். ரத்து செய்யவில்லை, திருத்தினாள். பச்சைப்பிள்ளைக்காரி தீட்டோடு வாசல் தாண்டினால் கையில் இரும்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காத்துக் கருப்பு அண்டும். அடுப்படியில் பாக்குவெட்டி இருக்கிறது, எடுத்து வருகிறேன், அதுவரை இறங்காதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நவமணி நடுவீட்டில் நின்றாள். காளியண்ணன் படியிலிருந்து எழுந்தார். எழுந்ததும் தலை சுற்றியது. சாப்பிடாத மயக்கம் என்று நினைத்துக் கதவைப் பிடித்தார். கதவும் சேர்ந்து சுற்றியது. வாசலில் இருந்த தொட்டித் தண்ணீர் ஒருபக்கமாகச் சரிந்து தளும்பி, மறுபக்கமாகத் தளும்பியது. சத்தமே இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் மோசம். தகரக் கூரையிலிருந்து மெதுவாக ஒரு முனகல் மட்டும் கிளம்பியது. ஆண்டியப்பனின் நாய் குரைக்காமல் வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு களத்தை நோக்கிப் போனது.

"நவமணி, வெளிய வா."

அவள் வந்துவிட்டாள். வெறுங்கையோடு, இரும்பில்லாமல், வாசலைத் தாண்டிக் களத்தின் பக்கமாக ஓடினாள். காளியண்ணனும் கூடவே நாலு எட்டு ஓடினார். பிறகு நின்று திரும்பினார். பவளம் வரவில்லை.

அவர் வீரர் இல்லை. நாய் போன வழியிலேயே போய்விட வேண்டும் என்று கால் இரண்டும் கெஞ்சின. "தங்கச்சி" என்று வெளியிலிருந்தே கூப்பிட்டுப் பார்த்தார். குரல் உள்ளே போகிற அளவு வரவில்லை. அப்புறம் எப்படியோ உள்ளே போனார்.

பவளம் பாக்குவெட்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படி நிலையில் நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அறைக்குள் உத்திரத்தில் கட்டிய தூளியை. பிள்ளையில்லாத வெறுந்தூளி, ஆட்டுவாரில்லாமல், நீளமாக, நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பூகம்பம் தெரியாது. தெரிந்தது காத்துக் கருப்புத்தான். உதடு மட்டும் மாரியம்மன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது, கால் நகரவில்லை.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஈரச் சாக்குமூட்டையைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல. சின்னச் சத்தம்தான். மூட்டை பெரிது.

சம்பந்தியம்மாளின் விரலைக்கூட அதுவரை தொட்டிராத காளியண்ணன் அவள் புஜத்தைப் பிடித்து இழுத்தார். அவள் எதிர்த்தாள், தொட்டில் பக்கமாகக் கையை நீட்டினாள். பிள்ளை வெளிய இருக்கான், வெளிய இருக்கான் என்று அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. அடுப்படியின் பின்கதவு உள்ளே விழுந்தது. அதன்மேல் மண் நடந்து வந்தது. அவசரமில்லாமல், கனமாக, விறகையும் பானையையும் தள்ளிக்கொண்டு, ஒரு தேயிலைச்செடியை நட்டது நட்டபடி சுமந்துகொண்டு வந்தது. குளிர்ந்த சேறு கணுக்காலைப் பிடித்தபோதுதான் பவளத்துக்குக் கால் வந்தது. அதற்குப்பின் இழுத்தது யார், இழுபட்டது யார் என்று சொல்ல முடியாது. இரண்டுபேரும் வாசல்படியில் தடுக்கி வெளியே விழுந்தார்கள்.

எழுந்து பார்த்தபோது கீழ்லயத்தில் அடுப்படி என்று ஒன்று எந்த வீட்டுக்கும் இல்லை. நவமணி படுத்திருந்த அறைக்குள் மண் ஜன்னல் உயரத்துக்கு நின்றது. ஆண்டியப்பன் கம்பளியோடு களத்தில் நின்றுகொண்டு, தன் வீட்டை வேறு யாருடைய வீட்டையோ பார்ப்பதுபோல் பார்த்தார். எதிர்ச்சரிவிலிருந்து ஆட்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஆலையிலிருந்து விஜயன் ஓடிவந்தான். பிள்ளையைத் தொட்டான், நவமணியைத் தொட்டான், அம்மாவின் சேற்றுக் காலைத் தொட்டான். கடைசியில் மாமனாரின் முன்னால் வந்து நின்றான்.

யாரும் சாகவில்லை. லயத்து ஆட்கள் மலையில் வேலையாக இருந்த வேளை அது; இன்னும் சில மணி நேரம் கழித்து என்றால் எல்லா அடுப்பும் எரிந்திருக்கும், எல்லாப் பெண்களும் அங்கே இருந்திருப்பார்கள். மழையில் ஊறிய மண், என்றைக்கிருந்தாலும் வந்திருக்கும் என்று பிற்பாடு துரை சொன்னார். அதுவும் பொய்யில்லை. சுமத்ராவில் நிலம் அதிர்ந்ததைச் சாயங்காலச் செய்தியில் ரேடியோ சொன்னது. நம் மலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது களத்தில் நின்றவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. நல்லுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். போன வாரம் இவரால் ஏச்சு வாங்கியவர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தவுக்கே, இன்னும் வருமா?"

அத்தனை முகமும் அவரைப் பார்த்தது. எதைச் சொன்னாலும் இப்போது நம்புவார்கள். காளியண்ணனுக்கு மலையைவிட அதுதான் பயமாக இருந்தது.

"தெரியாது, மண்டோரே" என்றார். "லயத்துக்குள்ள மட்டும் போவாதீங்க."

நவமணியையும் பிள்ளையையும் வேனில் ஏற்றினார்கள். பவளம் கேட்காமலே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். விஜயன் பின்னால் காலிக் காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டான். தோட்டத்து வாசலைத் தாண்டியதும் நவமணி கேட்டாள், எங்கே போகிறோம் என்று. ரிங்லெட் வீட்டுக்கு என்றார் காளியண்ணன்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் மறுபடி கேட்டாள்.

"அப்பா, நம்ம வீட்டுக்குப் பின்னால மலை இருக்குல்ல?"

இருந்தது. அவர் வேனை மெதுவாக்கினார். தாப்பாவுக்கு இறங்கலாம் என்றால் சாலை நெடுக ஒருபக்கம் வெட்டிய மலை, மறுபக்கம் பள்ளம். இந்த ஈரத்தில் அந்தச் சடக்கில் இறங்குவது நடக்காது. பிரிஞ்சாங்கில் மச்சான் வீடு இருக்கிறது, அதற்குப் பின்னால் மலை. சாரதா டீச்சர் வீடு, பின்னால் மலை, முன்னாலும் மலை. தானா ராத்தாவில் தெரிந்த கடைக்காரர்கள் எல்லோர் பெயரையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தார். நாற்பது வருஷம் இந்த ஊரில் வாங்கி விற்றிருக்கிறார்; எந்த வீட்டில் யாருக்கு எத்தனை கூடை கேரட் போகும் என்று தெரியும். பின்னால் மலை இல்லாத வீடு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

தானா ராத்தாவுக்கு வந்ததும் வண்டியைத் திருப்பி, வேலிக்கயிற்றைத் தாண்டி, நேரே பாடாங்குக்குள் ஓட்டினார். பையன்கள் பந்தாடுகிற திடல். நனைந்த புல்லில் சக்கரம் வழுக்கிக்கொண்டே போயிற்று. நாலு பக்கமும் மலை ஒரே தூரத்தில் தெரிகிற இடத்தில் நிறுத்தினார். பவளம் இறங்கிப் போய், எதிரே டீக்கடையில் வெந்நீர் வாங்கிவந்து நவமணிக்குக் கொடுத்தாள். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

பொழுது இறங்கும் நேரத்துக்குத் திடலுக்குள் இன்னொரு கார் மெதுவாக நுழைந்தது. அதில் ஒரு சீனக் குடும்பம். காளியண்ணன் அவர்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்புறம் ஒரு லோரி, சாமான் ஏற்றாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு. அப்புறம் இரண்டு மோட்டார் சைக்கிள், குடை பிடித்தபடி. யாரும் யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அவரவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியாக ஒரு லேண்ட் ரோவர் வந்து வேனுக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. உள்ளே மேனேஜர், மனைவி, பின்சீட்டில் கம்பளி போர்த்திய பிள்ளைகள்.

"இங்க நிறுத்தலாமா?" என்று கேட்டார் துரை, திடலே காளியண்ணனுடையது போல.

காளியண்ணன் நாலு பக்கமும் ஒரு முறை பார்த்தார். "இன்னும் கொஞ்சம் நடுவுல தள்ளி நிறுத்துங்க" என்றார்.